வானத்தை அளந்தவர்கள் – 9: மலையிறங்கி வந்த மனிதர்

சென்ற வாரம் இஸ்பஹானில் நிறுத்தியிருந்தோம். செல்ஜுக் சுல்தான் மாலிக் ஷா 1074-ல் தொடங்கிவைத்த வானாய்வகத்தில் உமர் கய்யாமும் கூட்டாளிகளும் வேலை பார்த்தார்கள். 1079-ல் ஜலாலி நாட்காட்டியைக் கொடுத்தார்கள். 1092 அக்டோபரில் அமைச்சர் நிஸாமுல் முல்க் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் சுல்தானும் போய்ச் சேர்ந்தார். பணம் நின்றது, வேலையும் நின்றது. கய்யாம் 1131 வரை உயிரோடிருந்தார். அந்த வானாய்வகம்தான் மறுபடி உயிர்பெறவில்லை.

நிஸாமுல் முல்க்கைக் குத்தியவன் அலமூத் கோட்டையின் நிஸாரி இஸ்மாயிலிகள் என்ற ஷியாப் பிரிவினர் அனுப்பிய ஆள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதுகிறார்கள். அதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரக் கதை அதே இஸ்மாயிலிகளின் கோட்டையில்தான் தொடங்குகிறது.

✦

1256 நவம்பர். ஈரானின் வடக்கே எல்புர்ஸ் மலைகளில் அந்த மாதம் பனி கொட்டியிருக்க வேண்டும். அந்த வருடம் கொட்டவில்லை.

மைமூன்திஸ் கோட்டையைச் சுற்றி மங்கோலியப் படை நின்றது. தலைமை, செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகு. அவனுடைய தளபதிகள் சிலர் திரும்பிவிடலாம் என்றார்கள். குளிர்காலம் வந்துவிட்டது, குதிரைக்குத் தீனி கிடைக்காது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். ஹுலாகு கேட்கவில்லை. மலையடிவாரத்து மரங்களை வெட்டி, கல்லெறியும் பொறிகள் செய்து நிறுத்தச் சொன்னான்.

கோட்டைக்குள் இருந்த இமாம் ருக்னுத்தீன் குர்ஷா இளைஞர். தந்தை கொலையாகி, பொறுப்புக்கு வந்து ஓராண்டு நிறையவில்லை. மாதக்கணக்காகத் தூது அனுப்பிக் காலம் கடத்தினார். பனி வந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதுதான் கணக்கு. நல்ல கணக்குதான். வானிலை ஒத்துழைக்கவில்லை.

கோட்டையிலிருந்து சமாதானம் பேச அனுப்பப்பட்டவர்களில் ஒருவருக்கு வயது 55. போர்வீரர் அல்ல, மதத் தலைவரும் அல்ல. யூக்ளிடின் வடிவியலையும் தாலமியின் வானியலையும் அரபியில் திருத்தி எழுதி முடித்திருந்த கணித அறிஞர். பெயர் நஸீருத்தீன் தூஸி.

நவம்பர் 19 அன்று ருக்னுத்தீன் சரணடைந்தார். மறு வருடமே மங்கோலியர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள். அவரோடு மலையிறங்கிய கணித அறிஞரோ ஹுலாகுவின் கூடாரத்தில் மரியாதையான இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

இது எப்படி நடந்தது?

✦

தூஸி பிறந்தது 1201-ல், குராசானில் உள்ள தூஸ் நகரில். படிப்புக்காக நிஷாபூர் போனார். 1221-ல் மங்கோலியர்கள் அந்த நகரத்தையே தரைமட்டமாக்கினார்கள். தூஸியின் படிப்பு மோசுலில் கமாலுத்தீன் இப்னு யூனுஸிடம் தொடர்ந்தது. படித்து முடித்தபோது சொந்த ஊர்ப் பக்கம் போக இடமில்லை. ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. மங்கோலியர் கை வைக்காமல் விட்டிருந்தவை மலைமேல் இருந்த இஸ்மாயிலிக் கோட்டைகள் மட்டுமே. அங்கே நூலகம் உண்டு, சோறு உண்டு, படித்தவனை மதிக்கும் தலைவர்கள் உண்டு.

குஹிஸ்தான் பகுதியின் இஸ்மாயிலி ஆளுநர் நஸீருத்தீன் அப்துர் ரஹீம் அழைத்தார். தூஸி போனார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கோட்டைகளிலேயே கழிந்தது. 1235 வாக்கில் அந்த ஆளுநரின் பெயரால் 'அக்லாகே நாசிரி' என்ற ஒழுக்கவியல் நூலை எழுதினார். ஆளுநரின் மகனுக்காகப் பாரசீகத்தில் ஒரு வானியல் நூலும் எழுதினார்.

அவர் விருந்தாளியா, கைதியா? சண்டை இன்னும் ஓயவில்லை. இப்னு சீனாவின் நூலுக்கு எழுதிய உரையின் கடைசியில் தன் நிலைமையை நினைத்துப் புலம்பியிருக்கிறார். கோட்டை வீழ்ந்த பிறகு 'அக்லாகே நாசிரி'யின் முன்னுரையை மாற்றி எழுதி, பழைய புகழுரைகள் உயிருக்குப் பயந்து எழுதியவை என்றார். ஆனால் கோட்டையில் இருந்த காலத்தில், தான் மனமுவந்து இஸ்மாயிலி வழிக்கு வந்த கதையையும் அவரே எழுதியிருக்கிறார். எந்தத் தூஸியை நம்புவது?

என்னைக் கேட்டால் இரண்டையும் நம்பலாம். வெளியே போக முடியாத இடத்தில் நிம்மதியாகப் படிக்கவும் முடிந்தது. அதற்கான விலை புகழுரை. புதிய எஜமானர் வந்ததும் பழைய புகழுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வீரம் என்று இதைச் சொல்ல முடியாது.

✦

ஹுலாகு அவரை வரவேற்றதற்குக் காரணம் மங்கோலியத் தலைநகரில் இருந்தது. ஹுலாகுவின் அண்ணன், பேரரசர் மோங்கே, யூக்ளிடின் சில கணக்குகளைத் தானே போட்டுப் பார்த்தவர் என்று வரலாற்றாசிரியர் ரஷீதுத்தீன் எழுதுகிறார். தன் நாட்டில் ஒரு வானாய்வகம் கட்ட மோங்கேவுக்கு ஆசை. தூஸியின் பெயர் அவர் காதுவரை போயிருந்தது. கோட்டைகளைப் பிடித்ததும் அந்த ஆளை எனக்கு அனுப்பிவை என்று தம்பியிடம் சொல்லியிருந்தார்.

தம்பி அனுப்பவில்லை. மோங்கே சீனத்துப் போரில் இருந்தார், 1259-ல் அங்கேயே இறந்தும் போனார். தூஸி ஹுலாகுவிடமே தங்கிவிட்டார்.

அலமூத் கோட்டை 1256 டிசம்பரில் வீழ்ந்தது. ஹுலாகுவின் எழுத்தர் அதா மாலிக் ஜுவைனி, நூலகத்தைப் பார்க்க அனுமதி வாங்கி உள்ளே போனார். குர்ஆன் பிரதிகளையும் தனக்குப் பிடித்த நூல்களையும் வான்கோளக் கருவிகளையும் ஆஸ்ட்ரோலேப்களையும் வெளியே எடுத்துவைத்தார். இஸ்மாயிலி மத நூல்களைக் கொளுத்தினார். எடுத்ததையும் எரித்ததையும் மறைக்காமல், பெருமையோடு அவரே எழுதிவைத்திருக்கிறார்.

✦

அடுத்த இலக்கு பாக்தாத். இங்கேதான் தூஸியின் பெயர் கறைபடுகிறது.

ஹுலாகுவின் படையோடு ஒரு ஜோதிடர் இருந்தார், ஹுஸாமுத்தீன். எந்த நாளில் புறப்படுவது, எந்த நாளில் முகாம் போடுவது என்று பார்த்துச் சொல்ல மோங்கே அனுப்பிய ஆள். பாக்தாத்தைத் தாக்கலாமா என்று ஹுலாகு கேட்டான். கூடாது என்றார் ஜோதிடர். அப்பாஸிய கலீஃபாவின் மேல் கைவைத்தவன் ராஜ்யத்தையும் ஆயுளையும் இழப்பான் என்றார். ஆறு கேடுகளை வரிசையாகச் சொன்னார்: குதிரைகள் செத்து வீரர்களை நோய் பிடிக்கும், சூரியன் உதிக்காது, மழை பெய்யாது, சூறைக்காற்றும் நிலநடுக்கமும் வரும், பயிர் முளைக்காது, ஆண்டு முடிவதற்குள் ஒரு பேரரசர் இறப்பார்.

எழுதிக் கொடு என்று வாங்கி வைத்துக்கொண்டான் ஹுலாகு. பிறகு தூஸியைக் கூப்பிட்டான்.

தூஸியின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர் ஷியா, கலீஃபா சுன்னி. பாக்தாத், ஐந்நூறு ஆண்டுகளாக இஸ்லாமிய உலகின் அறிவுத் தலைநகரம். இந்தத் தொடரின் முதல் நான்கு வாரங்களும் நாம் சுற்றித் திரிந்த ஊர் அது. கேட்பவனோ, பிடிக்காத பதில் சொன்னால் தலையை எடுக்கக்கூடியவன்.

இவற்றில் எதுவும் நடக்காது என்றார் தூஸி. அப்படியானால் என்ன நடக்கும் என்றான் ஹுலாகு. கலீஃபாவின் இடத்தில் ஹுலாகு இருப்பான், அவ்வளவுதான் என்றார்.

ஜோதிடரையும் வைத்துக்கொண்டு வாதமும் நடந்தது. கலீஃபா அமீன் கொல்லப்பட்டார். கலீஃபா முதவக்கில், பெற்ற மகனின் சம்மதத்தோடு கொல்லப்பட்டார். அப்போதெல்லாம் சூரியன் உதிக்காமல் போயிற்றா? தூஸி எடுத்துவைத்தது இத்தகைய சரித்திர உதாரணங்களை. நட்சத்திரங்களை அவர் சாட்சிக்கு அழைக்கவில்லை.

வானியலாளராக அவர் சொன்னது உண்மைதான். கிரகங்களுக்குக் கலீஃபா யார் என்று தெரியாது. அந்த உண்மையை அந்தக் கூடாரத்தில் சொன்னதற்காக இப்னு தைமிய்யா முதல் பல அறிஞர்கள் அவரைத் துரோகி என்று எழுதினார்கள். பாக்தாத்தை அழித்தது தூஸிதான் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இஸ்மாயிலிகள், கலீஃபா என்ற இரண்டு இலக்குகளோடுதான் மோங்கே இந்தப் படையையே 1253-ல் அனுப்பினார். ஒரு ஜோதிடரின் பயமுறுத்தலுக்காக அது திரும்பியிருக்காது. ஆனால் தயங்கியிருக்கலாம். தயக்கத்தைத் தீர்த்துவைத்த குரல் தூஸியுடையது. அந்த அளவுக்குப் பழி அவர்மேல் நிற்கத்தான் செய்யும்.

✦

1258 ஜனவரி 29-ல் முற்றுகை தொடங்கியது. பிப்ரவரி 10-ல் கலீஃபா முஸ்தஃஸிம் வெளியே வந்து சரணடைந்தார். 13-ம் தேதி சூறையாடல் ஆரம்பம். 20-ம் தேதி கலீஃபா கொல்லப்பட்டார்.

எத்தனை பேர் செத்தார்கள்? பிற்காலக் கணக்குகள் ஆளுக்கொரு எண் சொல்கின்றன. 1262-ல் பிரெஞ்சு மன்னர் லூயிக்கு எழுதிய கடிதத்தில் ஹுலாகு ஒப்புக்கொண்டதே 2 லட்சம்.

ஜுவைனியின் வரலாற்று நூலின் கடைசியில், பாக்தாத் வீழ்ச்சி பற்றிய ஒரு சிறு குறிப்பு தூஸியின் பெயரில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு காட்சி. ஹுலாகு தங்கம் நிறைந்த தட்டைக் கலீஃபாவின் முன் வைத்து, சாப்பிடு என்கிறான். இதை எப்படிச் சாப்பிடுவது என்கிறார் கலீஃபா. சாப்பிட முடியாததைப் பின் எதற்குச் சேர்த்துவைத்தாய், உன் வீரர்களுக்குக் கொடுத்திருக்கலாமே என்கிறான் ஹுலாகு. எழுதியவர் அழவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. கணக்குப்பிள்ளை நடையில் அடுத்த தேதிக்குப் போய்விடுகிறார்.

✦

அடுத்த ஆண்டே, 1259-ல், அஸர்பைஜான் பகுதியின் மராகா நகருக்கு மேற்கே ஒரு குன்றின்மேல் அஸ்திவாரம் தோண்டினார்கள்.

வானாய்வகத்துக்கு ஆகும் செலவைக் கேட்டு ஹுலாகு முகம் சுளித்ததாக ஒரு கதை உண்டு. நடக்கப்போவதை முன்கூட்டித் தெரிந்துகொண்டால் தடுக்கவா முடியும், பின் எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்டானாம். தூஸி ஒரு பெரிய உலோகப் பாத்திரத்தை யாருக்கும் சொல்லாமல் உயரத்திலிருந்து உருட்டிவிடச் செய்தார். வீரர்கள் அலறியடித்து எழுந்தார்கள். விஷயம் தெரிந்த ஹுலாகுவும் தூஸியும் அசையவில்லை. அறிவின் பயன் இதுதான் என்றாராம் தூஸி. பிற்காலத்து வரலாற்றாசிரியர் இப்னு ஷாகிர் சொல்லும் கதை இது. நடந்ததோ இல்லையோ, ஹுலாகுவிடம் பணம் வாங்குவது எப்படி என்று தூஸிக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

முக்கியமானது அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பது. கருவூலத்திலிருந்து கொடுத்தால் கருவூலக்காரன் செத்ததும் நின்றுவிடும். இஸ்பஹானில் அதுதான் நடந்தது. தூஸியின் கைக்கு ஹுலாகு கொடுத்தது வக்ஃப் சொத்துகளின் மேற்பார்வை. பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும் எழுதிவைத்த நிலங்களின் வருமானத்தில் ஒரு பங்கு வானாய்வகத்துக்குப் போனது. மன்னர் மாறினாலும் நிலம் விளைந்துகொண்டுதான் இருக்கும். 1265-ல் ஹுலாகு இறந்தான். மராகாவில் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. 14-ம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அது இயங்கியது. இஸ்லாமிய உலகில் அதற்கு முன் எந்த வானாய்வகமும் இப்படித் தன்னை நிறுவியவரைத் தாண்டி இவ்வளவு காலம் நீடித்ததில்லை. என் கணக்கில் இந்தக் கதையின் பெரிய திருப்பம் இந்த நிதி ஏற்பாடுதான்.

கருவிகளைச் செய்ய தமஸ்கஸிலிருந்து முஅய்யதுத்தீன் உர்தி வந்தார். சுவரில் பதித்த கால்வட்டக் கருவியின் ஆரம் மட்டும் 4 மீட்டருக்கு மேல். கருவி பெரிதானால் பாகைக் கோடுகளை நுணுக்கமாகப் பிரிக்கலாம், அளவு துல்லியமாகும். சீனத்திலிருந்து ஒருவர் வந்து சீன நாட்காட்டியைச் சொல்லிக்கொடுத்தார். சிரியாக் கிறிஸ்தவப் பேராயர் பார் ஹெப்ரேயஸ் மராகாவில் யூக்ளிடையும் தாலமியையும் பாடம் நடத்தினார். நூலகத்தில் 4 லட்சம் நூல்கள் என்கிறார் இப்னு ஷாகிர். எண்ணிக்கை மிகை என்று வைத்துக்கொண்டாலும், அவை வந்த வழி மிகையல்ல: பாக்தாத்திலும் சிரியாவிலும் கொள்ளையடித்தவை.

ஆட்களும் அந்த வழியில்தான் வந்தார்கள். முஹ்யித்தீன் மக்ரிபி, சிரியாவின் அய்யூபிய சுல்தானுடைய அவையில் இருந்தவர். 1260-ல் அந்த சுல்தானையும் கூட இருந்தவர்களையும் ஹுலாகு வெட்டச் சொன்னபோது மக்ரிபியும் அந்தக் கூட்டத்தில் நின்றார். கத்தி நெருங்கியதும், நான் நட்சத்திர சாஸ்திரம் தெரிந்தவன் என்று கத்தினார். அவரைத் தனியே இழுத்து நிறுத்தினார்கள். மற்றவர்கள் செத்தார்கள். அவர் மராகாவுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே ஆண்டுக்கணக்காக வானத்தைத் தன் கையால் அளந்தவர் இந்த மக்ரிபிதான்.

✦

ஒரு முழு அளவீட்டுக்கு 30 ஆண்டுகள் வேண்டும் என்று கேட்டிருந்தார் தூஸி. சனிக்கிரகம் ஒரு சுற்றுச் சுற்றிவர ஆகும் காலம் அது. 12 ஆண்டுகளில் முடி என்றான் ஹுலாகு. 'இல்கானி ஸீஜ்' என்ற கிரக அட்டவணை, ஹுலாகுவின் மகன் அபாகாவின் காலத்தில், 1271-72 வாக்கில் வெளிவந்தது. அவசர வேலை. பழைய அட்டவணைகளிலிருந்து நிறைய எடுத்தாண்டிருந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அதைக் கண்டுபிடித்துக் குறையும் சொன்னார்கள்.

தூஸியின் பெயரை நிலைநிறுத்தியது அதுவல்ல. ஒரு சின்னப் படம்.

வானத்தில் எல்லாமே சீரான வேகத்தில் வட்டமாகச் சுற்றுகின்றன என்பது கிரேக்கர் வகுத்த விதி. தாலமி கணக்கு ஒத்துவர வேண்டும் என்பதற்காக ஒரு குறுக்குவழி செய்தார்: வட்டத்தின் நடுவில் இல்லாத வேறொரு புள்ளியிலிருந்து பார்த்தால்தான் வேகம் சீராக இருக்கும். கணக்கு ஒத்துப்போயிற்று, விதி உடைந்தது. இப்னு அல்-ஹைதம் இதைத்தான் பிடித்துக்கொண்டு தாலமியை உலுக்கினார் என்று முன்பே பார்த்தோம். அவர் குற்றம் சொன்னாரே தவிர மாற்று வழி தரவில்லை.

தூஸி தந்தார். விளிம்புள்ள ஒரு வட்டத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சரிபாதி அகலமுள்ள வளையல் ஒன்றை, உள்விளிம்பை ஒட்டி நழுவாமல் உருட்டுங்கள். வளையலின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்து அதை மட்டும் பாருங்கள். அது சுற்றாது. தட்டின் குறுக்கே ஒரே நேர்கோட்டில் போய்ப் போய் வரும். இரண்டு வட்டச் சுழற்சிகள் சேர்ந்து ஒரு நேர்கோடு! இதை வைத்து, விதியை உடைக்காமலே கிரகத்தைக் கிட்டேயும் தூரத்திலும் நகர்த்தலாம். 1261-ல் எழுதிய 'தத்கிரா' நூலில் இதை முழுமையாக விளக்கினார். ஆனால் யோசனை அதற்கும் பழையது. இஸ்மாயிலி ஆளுநரின் மகனுக்கு எழுதிய வானியல் நூலின் பிற்சேர்க்கையிலேயே அது இருக்கிறது. மங்கோலியரும் மராகாவும் வருவதற்கு முன்பே, மலைக்கோட்டையில் இருந்தபடி கண்டுபிடித்தது.

1274 ஜூனில் தூஸி இறந்தார். எந்த ஊரில் தெரியுமா? பாக்தாத்தில். அங்கே காஸிமைன் தர்காவில் அடக்கம் செய்யப்பட்டார்.

✦

அந்தப் படம் கிழக்கே போன வழி நமக்குத் தெரியும். 'தத்கிரா'வில் அது வரும் அத்தியாயத்தை, பிர்ஜந்தியின் உரையோடு சேர்த்து, 1729-ல் ஜெய்ப்பூரில் சவாய் ஜெய்சிங்கின் ஆதரவில் நயனசுகர் சமஸ்கிருதத்தில் மொழிபெயர்த்தார். ஆள், ஊர், ஆண்டு மூன்றும் கையில் இருக்கின்றன.

மேற்கே?

1543-ல் நூரெம்பெர்க்கில் கோபர்நிகஸின் நூல் அச்சாகிறது. மூன்றாம் பாகம், நான்காம் அத்தியாயத்தில் அதே இரண்டு வட்டங்கள், அதே நேர்கோடு. தூஸியின் பெயர் இல்லை. 1973-ல் வில்லி ஹார்ட்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் இரு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தூஸி 'அலிஃப்' இட்ட புள்ளியில் கோபர்நிகஸ் 'ஏ' இட்டிருந்தார். 'பே' இட்ட புள்ளியில் 'பி'. ஓரிரு எழுத்தைத் தவிர மற்றவையும் அப்படியே.

தற்செயல் என்கிறார்கள் சிலர். பழைய கிரேக்க உரை ஒன்றிலிருந்து இந்த எண்ணம் அவருக்குத் தானே வந்திருக்கலாம் என்கிறார்கள். 1290-களில் தப்ரீஸுக்குப் போய் வானியல் படித்துத் திரும்பிய கியோனியாதிஸ் என்ற பைசாந்தியரைக் கைகாட்டுகிறார்கள் வேறு சிலர். தூஸியின் படம் உள்ள ஒரு கிரேக்கச் சுவடி வத்திக்கானில் இருக்கிறது.

ஒரு படம் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் தமஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்துக்கொண்டிருந்த இப்னு அஷ்-ஷாதிர் 14-ம் நூற்றாண்டில் நிலவுக்கு அமைத்த கணக்கும், கோபர்நிகஸ் நிலவுக்கு அமைத்த கணக்கும் ஒன்றேதான். 1957 வரை இதை யாரும் கவனிக்கவில்லை. கோபர்நிகஸ் அரபி படித்தார் என்பதற்குச் சான்று இல்லை. அப்படியானால் தமஸ்கஸின் கணக்கைப் போலந்துவரை கொண்டுபோய்ச் சேர்த்தது யார்?

(தொடரும்)